ஆளுக்கு ஒரு டம்ளர்

1

சனிக்கிழமை காலையில் இந்த நாட்டில் பாதிப் பேர் ஹாக்கி மட்டையோடு சைக்கிளில் போவார்கள். மீதிப் பேர் காபி பிளாஸ்க்கோடு அவர்களுக்குப் பின்னால் போவார்கள். நான் இரண்டாவது கூட்டம். என் மகள் வல்லி இங்கே ஒரு கிளப்பில் அவள் வயதுப் பெண்கள் அணியில் இடதுபுறம் ஆடுகிறாள்.

கோவில்பட்டியில் வளர்ந்த எனக்கு ஹாக்கி மைதானத்தின் ஓரத்தில் நின்று தொண்டை கட்டக் கத்துவது புதிதில்லை. தரைதான் வேறு. அங்கே கரிசலின் மேல் சரளை கொட்டி இறுக்கிய மைதானம். விழுந்தால் முழங்காலில் தோல் மிஞ்சாது. நெதர்லாந்தில் பச்சைச் செயற்கைப் புல். அதற்கும் ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்சுவார்கள். இதை முதன்முதலில் ஃபோனில் சொன்னபோது என் அண்ணன் செண்பகராஜ் நம்பவே இல்லை.

"நமக்கு வெதைக்கவே தண்ணி இல்ல. அவிய பந்து உருட்டவா தண்ணி பாய்ச்சுதாவ?" என்றான்.

இன்று அரையிறுதி ஆட்டம். காலையில் ரொட்டியின் மேல் சாக்லேட் துருவலைக் கொட்டிக்கொண்டே வல்லி தொடையைத் தேய்த்தாள். ஆட்டத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு ஐபுப்ரோஃபென் வேண்டும் என்று டச்சு மொழியில் கேட்டாள். நான் தமிழில் பேசுவேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். பல வருடமாக எங்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

"ஆடி முடிச்சிட்டு வா, தாரேன். ஆட்டத்துக்கு முன்னால கெடையாது" என்றேன்.

அணியில் பாதிப் பேர் போட்டுக்கொள்கிறார்கள் என்றாள். எனக்கு அந்த மாத்திரையைப் பற்றி எல்லாம் தெரியுமாம், ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பேனாம், பெற்ற மகளுக்கு மட்டும் தர மாட்டேனாம். கடைசியாக, "இது அநியாயம்" என்று சொல்லிவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே மாத்திரை, அதே புகார். சுமார் பத்து வருடத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் ஒரு ஹாக்கி அணியே சேர்ந்து என்னிடம் இதைத்தான் சொன்னது, வாயால் சொல்லாமல் செய்து காட்டியது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டை முடிச்சோடு ஊர் திரும்ப வேண்டிய நிலைக்கு அது என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது.

2

என் பெயர் கோமதி. இங்கே யாருக்கும் அது வாயில் நுழைவதில்லை. இவர்களுக்குக் 'க' வர வேண்டிய இடத்தில் தொண்டையைக் காறுகிற ஒரு சத்தம்தான் வருகிறது. நான் 'ஹோமாட்டி' ஆனேன். குடும்பப் பெயர் என்ன என்று படிவத்தில் கேட்டார்கள். எங்களில் அப்படி ஒன்று கிடையாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கட்டத்தைக் காலியாக விடக் கூடாதாம். அப்பா பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மின்வாரியம் முதல் பல் மருத்துவர் வரை எல்லாரும் எனக்கு 'திருமதி சுப்பையா' என்று கடிதம் போடுகிறார்கள். கழுகுமலைப் பக்கம் மிளகாயும் உளுந்தும் போட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு இப்படி ஒரு பட்டம் கிடைக்கும் என்று யார் கண்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்காக இங்கே வந்தேன். வல்லி கைக்குழந்தை. என் கணவருக்கு என் விசாவோடு ஒட்டிய விசா. மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர், இங்கே வந்து டச்சு வகுப்புக்குப் போய்க்கொண்டே சமையலையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டார். அவர் வைத்த ரசத்தின் தைரியத்தில்தான் நான் படித்தேன்.

வேலை இதுதான். எலியின் தசையில் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்து, உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் கட்டித் தொங்கவிடுவோம். கரைசல் உடம்புச் சூட்டில் இருக்கும். பிராணவாயு குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். சின்னதாக மின்சாரம் கொடுத்தால் தசை சுருங்கும். சுருங்கும் வேகத்தையும் இழுக்கும் பலத்தையும் கம்ப்யூட்டர் கோடாக வரைந்துகொண்டே போகும். அப்புறம் கரைசலில் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கோடு உயர்கிறதா தாழ்கிறதா என்று பார்ப்போம். உடம்பு வலிக்கு ஊரே போட்டுக்கொள்கிற மாத்திரை, வலியை மட்டும்தான் தொடுகிறதா, தசையின் பலத்தையும் தொடுகிறதா? இதுதான் கேள்வி. எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், அந்த வேலையில் நான் கெட்டிக்காரி.

என் பேராசிரியர் ஹெங்க். ஒட்டடைக்கம்பு உயரம். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு மூன்றாவது வருடம்வரை நாக்கு வரவில்லை. "சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர், "நீ என்னை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வயதாகிறது" என்றார். அதன்பின் வாக்கியத்தில் பெயரே வராமல் பேசப் பழகினேன்.

பட்டம் வாங்கிய பிறகு அவரிடமே தற்காலிக ஆராய்ச்சி வேலை கிடைத்தது. எலித் தசையைப் பார்த்தாயிற்று, மனிதத் தசையைப் பார்க்க வேண்டும் என்றார் ஹெங்க். வெயிலில், கெட்டித் தரையில், உடம்பைப் பிழிந்து ஆடுகிற ஆட்டக்காரர்கள் வேண்டும். இங்கே எல்லாரும் ஈரப் புல்லில் ஆடுகிறார்கள்.

"எனக்கு ஓர் ஊர் தெரியும்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் மூன்று பேர் இருப்பும் தொங்கியது. ஆய்வு முடிந்து கட்டுரை வெளியானால்தான் என் வேலை நீளும். வேலை நீண்டால்தான் தங்கும் அனுமதி. வருடா வருடம் வெளிநாட்டார் காவல் பிரிவில் வரிசைச் சீட்டு எடுத்துக் காத்திருந்து அதைப் புதுப்பிக்க வேண்டும். அங்கே இருந்த அம்மாள் ஒவ்வொரு முறையும், "தங்குவதன் நோக்கம்?" என்று கேட்பார். "தசை" என்று சொல்லலாமா என்று தோன்றும். சொன்னதில்லை.

3

இரண்டு நாட்டிலும் நெறிமுறைக் குழுக்களிடம் அனுமதி வாங்கவே பாதி ஆயுள் போயிற்று. அதன்பின் மே மாத விடுமுறையில் பெட்டிகளோடு கிளம்பினேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். உள்ளே மடக்கு நாற்காலி, தோல் பட்டைகள், ஒயர்கள், மின்சாரம் கொடுக்கும் சின்னக் கருவி.

"என்னம்மா இது?"

"ஆளை இதில் உட்கார வைத்துத் தொடையில் லேசாக மின்சாரம் கொடுப்போம் சார். கால் தானாக உதைக்கும். எவ்வளவு பலமாக உதைக்கிறது என்று அளப்போம்."

அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போலீஸ் டிபார்ட்மெண்டுக்கா?" என்றார். அரசாங்க முத்திரை குத்திய காகிதங்களை எல்லாம் பரப்பிக் காட்டி வெளியே வருவதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸ் போயே போய்விட்டது.

அண்ணன் கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறான். அந்தக் காலத்தில் பின்வரிசையில் மலை மாதிரி நின்று ஆடியவன். இப்போது அவன் ஆடிய கிளப்புக்கே செயலாளர். ஆட்டக்காரர்களைப் பிடித்துக் கொடுத்தது அவன்தான். தெரிந்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் முதலில் தன் கிட்டங்கியில் இடம் தருவதாகச் சொன்னார். மின்சாரம் வைத்து வேலை என்று காதில் விழுந்ததும், "தாயி, நீங்க தள்ளி எங்கனயாச்சும் வச்சுக்கிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கடைசியில் ஒரு நூற்பாலையின் முதலுதவி அறை கிடைத்தது. மில் ஜெனரேட்டர் இருந்ததால் கரண்ட் கவலை இல்லை.

ஆட்டக்காரர்கள் எல்லாரும் இளவட்டங்கள். மில்லிலும் மெக்கானிக் ஷெட்டிலும் வேலை செய்துவிட்டு மாலையில் ஆடுகிறவர்கள். அவர்களில் பாலு என்ற சென்டர் ஃபார்வர்டுதான் வாய். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தவனும் அவன்தான். கால் தானாக எகிறியதும், "யக்கா, நான் உதைக்கல, அதுவா உதைக்குது. ரெஃப்ரி கேட்டா நீங்கதான் சாட்சி" என்றான். அறையே சிரித்தது.

முறையை எல்லாருக்கும் தமிழில் விளக்கினேன். பாதிப் பேருக்கு உண்மையான மருந்து. பாதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்த விவரம் உறையில் ஒட்டி வெளிநாட்டில் இருக்கிறது. ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பொட்டலம். பயிற்சிக்குப் போகுமுன் போட்டுக்கொள்ள வேண்டும். காலிப் பொட்டலத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆடி முடித்து வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். புரிந்ததா என்றேன். தலையாட்டினார்கள். எல்லாரும் இவ்வளவு பவ்யமாகத் தலையாட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒருத்தர்கூடத் தவறவில்லை. காலிப் பொட்டலங்கள் மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்தன. இங்கே படித்த மாணவர்களிடம்கூட நான் அப்படி ஒழுங்கைப் பார்த்ததில்லை. கிளம்பும்போது ஆளுக்கொரு பாக்கெட் கடலை மிட்டாய் கொடுத்து அனுப்பினார்கள். இங்கே திரும்பி வந்ததும் ஹெங்க் அதைக் கடித்துப் பல்லில் ஒட்டிக்கொண்டு பாதி நாள் பேசாமல் இருந்தார்.

4

உறையைப் பிரித்தோம். மருந்து சாப்பிட்டவர்களின் கோடும் சாப்பிடாதவர்களின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"அழகு" என்றார் ஹெங்க். மருந்து தசையின் பலத்தைத் தொடவில்லை என்றால் அதுவும் ஒரு முடிவுதான். நான் கட்டுரையை எழுதினேன். இரண்டு முறை திருத்தினோம். பத்திரிகைக்கு அனுப்ப உறைகூடத் தயார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ நெருடியது. மனிதர்களை வைத்து எடுத்த அளவு இத்தனை ஒற்றுமையாக வராது. ஒருவன் சரியாகத் தூங்கியிருக்க மாட்டான், ஒருவன் வீட்டில் சண்டை போட்டு வந்திருப்பான். ஏதாவது ஒரு பிசிறு இருக்கும். இதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அண்ணன் கடைக்கு ஃபோன் போட்டேன். ஊர்க் கதை எல்லாம் பேசி முடித்து, உன் பையன்கள் நன்றாக ஒத்துழைத்தார்கள் அண்ணே என்றேன். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பெறகு? நான் பாத்துக்கிட்டேன்லா. மொத நாளே பயலுவ மொகம் சரியில்ல. என்னலேன்னு கேட்டேன். அது எப்பிடி அண்ணாச்சி, ஒரே டீம்ல ஒருத்தனுக்கு நல்ல மாத்திரை, ஒருத்தனுக்குச் சுண்ணாம்பு மாத்திரை, அது நாயமான்னு பாலு கேக்குதான். சரின்னு எல்லாப் பொட்டலத்தையும் வாங்கினேன். மொத்தத்தையும் நுணுக்கி, பானக்காரத்துல போட்டுக் கலக்கி, ஆளுக்கு ஒரு டம்ளர். நானே அளந்து ஊத்தினேன்ட்டி. ஒருத்தனுக்குக் கூடல, ஒருத்தனுக்குக் கொறையல."

பானக்காரம் என்பது கருப்பட்டியும் புளியும் கரைத்து, சுக்கு தட்டிப் போட்ட தண்ணீர். கோடையில் எங்கள் ஊரில் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு குடம் நிறைய வைத்திருப்பார்கள். அணியில் எல்லாரும் ஒரே குடத்தில் குடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அந்தக் குடத்தில் என் ஆராய்ச்சியையும் கரைத்திருக்கிறார்கள்.

"அண்ணே, நீ என்ன காரியம் செஞ்சிருக்க தெரியுமா?" என்று கத்தினேன். வல்லி பயந்துபோய் விளையாட்டுச் சாமானைக் கீழே போட்டாள்.

"என்னட்டி ஆச்சு? கருப்பட்டிதான் போட்டேன், சீனி போடல."

"எல்லாருக்கும் மருந்து போயிருக்கு. எல்லாருக்கும் பாதி மருந்து. எதை எதோட ஒப்பிட? நான் எழுதினது அத்தனையும் குப்பை. எனக்கு வேலை இல்ல. நாங்க பொட்டியக் கட்ட வேண்டியதுதான்."

அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "நீ ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா, ஒப்பிடத்தான்னு. ஒரு வீட்டுப் பிள்ளையள்ல ஒண்ணுக்குச் சோறு, ஒண்ணுக்கு வெறுந்தட்டு வச்சா எந்தப் பிள்ளைக்கு எறங்கும்?"

ஃபோனை வைத்துவிட்டேன். அவன் மேல் வந்த கோபம் அடங்கச் சில நாள் ஆயிற்று. மருந்துக் கடைக்காரன், அண்ணன், அவனே குடத்தில் கலக்கினான் என்பதுதான் ஆறவில்லை.

5

யாருக்கும் தெரியாது. பத்திரிகைக்குத் தெரியாது, ஹெங்குக்குத் தெரியாது. கட்டுரையை அனுப்பிவிட்டால் வேலை நீளும், அனுமதி கிடைக்கும், வல்லி பள்ளிக்கூடம் மாறாமல் போவாள். என் கணவர் ஒரே ஒரு தரம்தான் கேட்டார், என்ன செய்யப்போகிறாய் என்று. "பானக்காரத்தைக் கட்டுரைன்னு விக்க மாட்டேன்" என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார். அந்தச் சரிக்காகவே அவரை இன்னொரு முறை கட்டிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை ஹெங்கிடம் சொன்னேன். பதற்றத்தில் முதன்முறையாக அவர் பெயர் வாயில் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எல்லா மாத்திரையுமா?"

"எல்லாம்."

"ஒரே பானையில்?"

"குடம். பித்தளை."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு நேர்மையான பங்கீட்டை நான் எந்த ஆய்விலும் பார்த்ததில்லை" என்றார். அப்புறம் முகம் மாறியது. இந்த நாட்டுக்காரர்கள் சிரித்த வாயாலேயே கசப்பானதையும் சொல்லிவிடுவார்கள். கட்டுரையைக் கிழிக்க வேண்டியதுதான், கட்டுரை இல்லாமல் வேலை நீட்டிப்புக்கு அவர் பரிந்துரைக்க முடியாது, நிர்வாகம் ஒப்புக்கொள்ளாது என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு மே மாதம் கொடுங்கள்" என்றேன். இந்த முறை எல்லாருக்கும் இரண்டையும் கொடுக்கிறேன். ஒரு வாரம் இது, இடையில் உடம்பில் மருந்து வடிய இடைவெளி, அடுத்து அது. ஒவ்வொருவனையும் அவனோடேயே ஒப்பிடுவோம். இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததில்லை. பாடப் புத்தகத்தில் இருக்கிற முறை. முதலிலேயே நாங்கள் யோசித்து, நாள் அதிகம் பிடிக்கும் என்று தள்ளி வைத்ததுதான். பாதிக்கு உண்டு, பாதிக்கு இல்லை என்கிற முறை ஓர் ஈரப் புல் தேசத்தில் செல்லுபடியாகலாம். ஒரே குடத்தில் குடிக்கிறவர்களிடம் செல்லாது. செல்லாத ஊரில் அதைக் கொண்டுபோய்த் திணித்தால் அளவுதான் கெடும்.

இதை எல்லாம் டச்சிலும் ஆங்கிலத்திலும் கலந்து, மூச்சு விடாமல் சொன்னேன். ஹெங்க் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஒரு வருடம். அதற்கு மேல் என்னால் முடியாது" என்றார்.

ஒரு வருடத்துக்குத் தற்காலிகமாக ஒரு கடிதம் தந்தார். வெளிநாட்டார் காவல் பிரிவுக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். சந்திப்பு நேரம் 'பாதி மூன்று' என்று சொல்லியிருந்தார்கள். இவர்கள் கணக்கில் அது இரண்டரை. அவசரத்தில் நான் மூன்றரை என்று எடுத்துக்கொண்டு நிதானமாகப் போய் நின்றேன். கவுண்டர் அம்மாள் கடிகாரத்தைக் காட்டினார். எனக்கு அன்றைக்கு இருந்த மனநிலையில், "அம்மா, உங்கள் ஊரில் மூன்று மணி வருவதற்கு முன்னாலேயே அதில் பாதியை எடுத்துக்கொள்கிறீர்கள், நான் என்ன செய்ய" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். முத்திரை விழுந்தது.

அடுத்த மே மாதம் அதே முதலுதவி அறை, அதே நாற்காலி. அண்ணன் வாசலோடு நின்றான், உள்ளே வரவில்லை. ஆட்டக்காரர்களிடம் நேராகச் சொன்னேன். எல்லாருக்கும் ரெண்டும் உண்டு. யாருக்கு முதல்ல எது வரும்னு மட்டும் தெரியாது. கடைசியில் எல்லாரும் சமம்.

"அப்ப மொதல்லயே இப்பிடிச் சொல்லிருக்கலாம்லாக்கா. நாங்க பாட்டுக்கு முழுங்கிருப்போம்" என்றான் பாலு.

"இப்ப என் முன்னாலயே முழுங்கு."

"நம்ப மாட்டியளோ?"

"நம்புதேன். முழுங்கு."

வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். எல்லாரும் காட்டினார்கள். வாசலில் நின்ற அண்ணனும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தான்.

முடிவு பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. அந்த இளவட்டங்களின் தசை மருந்தால் பலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வலி தெரியாததால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஆடினார்கள், அவ்வளவுதான். கோடுகளில் இந்தத் தடவை வேண்டிய பிசிறு இருந்தது. பாலுவின் கோடு அவனை மாதிரியே துள்ளியது. சின்னப் பத்திரிகையில் சின்னக் கட்டுரை. கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் கிளப்பின் பெயருக்கு முன்னால் அண்ணன் பெயரைப் போட்டேன். வேலை நீண்டது, பிறகு நிரந்தரமானது. நாங்கள் தங்கினோம்.

6

தங்கியதற்கு ஒரு விலை உண்டு என்று எனக்குத் தெரியும். வல்லி இந்த ஊர்ப் பிள்ளையாக வளர்ந்துவிட்டாள். செண்பகவல்லி என்று அம்மன் பேரை வைத்தோம். அவள் கையெழுத்தில் அது 'வலி' என்று இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிறது. நேரம் குறித்துத்தான் தோழி வீட்டுக்குப் போகிறாள். தன் அலமாரி, தன் சாவி, தன் பிஸ்கட் டப்பா. அவளவள் சாமான் அவளவளுக்கு என்று ரொம்பத் தெளிவாக இருக்கிறாள். தப்பில்லை. ஆனால் அந்தத் தெளிவைப் பார்க்கும்போதெல்லாம், இங்கேயே இருந்துவிடுவது என்று நான் பிடித்த பிடியில் இவளிடமிருந்து எதை எடுத்துவிட்டேனோ என்று தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

இன்றைய ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றார்கள். காற்று ஒரு பக்கமாகவே அடித்தது. வல்லி நன்றாக ஆடினாள். வலிக்கிற காலைக் காப்பாற்றிக்கொண்டு, ஓட வேண்டிய இடத்தில் மட்டும் ஓடினாள். எனக்குத் தோற்ற வருத்தத்தைவிட அந்தப் பெருமைதான் அதிகம். அவளுக்கு அப்படி இல்லை. நொண்டிக்கொண்டு வந்து கையை நீட்டினாள். சொன்ன சொல் தவறாமல் ஒரு மாத்திரையை வைத்தேன். பிளாஸ்க் காலி; காபி வாங்கத் திரும்பினேன்.

திரும்பி வரும்போது பெஞ்சில் வல்லியும் சன்னாவும் உட்கார்ந்திருந்தார்கள். சன்னா அவளோடு ஆடுகிற பெண். முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. வல்லி மாத்திரையைக் கடைவாயில் வைத்துக் கடித்து, ஒரு துண்டைச் சன்னாவின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி!" என்று நான் போட்ட சத்தத்தில் நடுவரே திரும்பிப் பார்த்தார். "அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மருந்து குடுக்கலாமா? அவளுக்கு ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு ஒனக்குத் தெரியுமா?"

காபியை அங்கேயே வைத்துவிட்டுச் சன்னாவின் அம்மாவைத் தேடி ஓடினேன். அவர் கிளப் பாரில், பெற்றோர்கள் மாறி மாறிச் செய்கிற முறைக்கு, கண்ணாடிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "வீட்டில் முழுசாகவே போட்டுக்கொள்கிறாள். பாதிதானே?" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தார். இவர்களுக்கு எதற்கும் பதற்றம் கிடையாது.

திரும்ப வந்து வல்லியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் முழுக்கப் போகவில்லை. "ஒனக்கு வலிக்குதுன்னுதான ஒண்ணு குடுத்தேன்? பாதி போட்டா ஒனக்கு எப்பிடிக் கேக்கும்?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல், ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். தமிழில் சொன்னாள்.

"அவ பாத்துக்கிட்டே இருக்கா. நான் மட்டும் எப்பிடிம்மா முழுங்க?"

அவள் அப்பா காரோடு வந்து, நிறுத்துமிடத்திலிருந்து கையாட்டிக் கூப்பிட்டார். அவள் மட்டையை நான் தூக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். கடையில் கூட்டம், யாரோ தலைவலிக்கு மாத்திரை கேட்கும் சத்தம் கேட்டது. நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"யாரு அளந்து குடுத்தா?" என்றான்.

"அவளேதான். பல்லால கடிச்சு."

"ரெண்டும் சரிபாதியா இருந்துதா?"

நான் யோசித்துப் பார்த்தேன். சன்னாவின் வெள்ளை உள்ளங்கையில் இருந்த துண்டு கண்ணுக்குள் வந்தது.

"இல்ல. அந்தப் பிள்ளைக்குத்தான் பெரிய துண்டு."

"அப்ப நம்ம பிள்ளதான், சந்தேகமே இல்ல" என்றான் அண்ணன். "வையி, கடைக்கு ஆள் வந்திருக்காவ."